50 பவுண்டு மூட்டையும் 3,200 அடிப் புல்லும்

விமானத்தில் ஏறும் முன்பே மச்சானிடம் பாத்ரூம் தராசை நீட்டியதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். டாலஸிலிருந்து ஆறு மணி நேரம் கார் ஓட்டி வந்த மனிதர். "தங்கச்சி வீட்டுக்கு வந்தா எடையா போடுறீங்க மாப்ள?" என்றார். போட்டேன். 205 பவுண்டு.

எங்களுடையது ஆர்வி-12. இரண்டே இருக்கை, 100 குதிரைத்திறன் ரோடாக்ஸ் எஞ்சின். நாங்கள் மூன்று பேர் பங்கு போட்டு வாங்கியது. இந்த மாதிரி இலகுரக விமானங்களுக்கு லைட் ஸ்போர்ட் வகை என்று 2004-ல் விதி வந்தபோது வைத்த வரம்பு, மூட்டை முடிச்சு எல்லாம் சேர்த்து 1,320 பவுண்டு. எங்கள் விமானத்தின் வெற்று எடை 745. நான் 165, மச்சான் 205. டேங்க் நிறைய 20 கேலன் பெட்ரோல் 120. ஆக 1,235. இன்னும் 85 பவுண்டு மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பின்னால் இருக்கும் சாமான் தட்டு 50 பவுண்டுக்கு மேல் தாங்கக் கூடாது. மச்சானின் பையைச் சென்னைப் பயணத்துக்கு வைத்திருக்கும் கொக்கித் தராசில் மாட்டினால் 71 காட்டியது. இரும்புத் தோசைக்கல், ஐந்து கிலோ அரிசி, இன்னும் என்னென்னவோ. தோசைக்கல் முதலில் வெளியேறியது. அரிசி இரண்டு கிலோவானது. மிளகாய்த்தூள், புளி, நல்லெண்ணெய் மட்டும் பேச்சுவார்த்தைக்கு அப்பாற்பட்டவை.

போகிற இடம் கேஸ்டன்ஸ். ஆர்கன்சாவின் வடக்கில், லேக்வியூ என்ற சிற்றூரில், ஒயிட் ரிவர் கரையில் இருக்கிற மீன்பிடி விடுதி. 1958-ல் ஆறு குடிலும் ஆறு படகுமாக ஆரம்பித்தது. ஆற்றை ஒட்டியே 3,200 அடி நீளத்துக்குப் புல் ஓடுதளம் வைத்திருக்கிறார்கள். இறங்கி, ஓரமாக விமானத்தைக் கட்டிப்போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் குடில் வந்துவிடும். எங்கள் ஊரான பென்டன்வில்லில் இருந்து காரில் போனால் வளைந்து வளைந்து மூன்று மணி நேரம் ஆகும். வானத்தில் நேர் கிழக்கே 80 கடல் மைல்.

இதற்குத் தயாரானதே தனிக் கதை. எங்கள் ஊர் விமான நிலையம் தேடன் ஃபீல்ட். அமெரிக்காவில் பெண்களுக்கென்று 1929-ல் நடந்த முதல் விமானப் பந்தயத்தில் ஜெயித்த லூயிஸ் தேடன் இந்த ஊரில் பிறந்தவர், அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே தார் ஓடுதளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு புல் தளமும் உண்டு. பழகுவதற்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும். தாரில் இறங்கும்போது மூக்குச் சக்கரம் லேசாக முன்னாடி தொட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. புல்லில் அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு குழி போதும், மெல்லிய மூக்குக் கால் மடங்கிவிடும். அதனால் பின் சக்கரங்கள் தரையைத் தொட்ட பிறகும், மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியான ஸ்டிக்கை வயிற்றோடு சேர்த்து இழுத்துப் பிடித்திருக்க வேண்டும், மூக்கு தானாகக் களைத்து இறங்கும்வரை. தரையில் ஊர்ந்து போகும்போதும் அதே பிடிதான். என் கைக்கு இது படிய பத்துப் பன்னிரண்டு இறக்கம் ஆனது.

ஏப்ரலில் பயிற்சியாளரோடு முதல் தடவை கேஸ்டன்ஸ் போனபோது சொதப்பினேன். 58 நாட் வேகத்தில் வரவேண்டிய இடத்தில் 68. இலேசான விமானம், வேகத்தை விடவே விடாது. பாதி ஓடுதளம் காலுக்கடியில் போய்விட்டது, நான் இன்னும் மூன்றடி உயரத்தில் மிதந்துகொண்டிருக்கிறேன். பக்கத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழு த்ராட்டில் கொடுத்து மேலேறி ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். இரண்டாவது தடவை 57. தொட்டதே தெரியவில்லை, புல் உரசும் சத்தம்தான் சொன்னது.

ஜூனில் மச்சானோடு. புறப்படும் முன் ரோடாக்ஸ் ஏப்பம் விட வேண்டும். சும்மா சொல்லவில்லை, வேலையே அதுதான். இக்னிஷன் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிக்கொண்டே இருந்தால், எஞ்சின் அடியில் தேங்கிய எண்ணெய் எல்லாம் தொட்டிக்குத் திரும்பி, கடைசியில் தொட்டிக்குள் 'களக்' என்று ஒரு ஏப்பம் வரும். அதற்குப் பிறகு அளவுக்குச்சியைப் பார்த்தால்தான் சரியான அளவு தெரியும். மச்சான் காதை வைத்துக் கேட்டு, "நல்லா சாப்பிட்டிருக்கு" என்றார்.

உள்ளே உட்கார்ந்து ஸ்டிக்கை நாலு பக்கமும் ஆட்டிப் பார்த்தேன். பின்னால் இழுத்தால் பாதியில் முட்டி நிற்கிறது. இரண்டு இருக்கையின் ஸ்டிக்கும் ஒன்றோடொன்று இணைந்தவை. அவர் மடியில் முறுக்கு டப்பா.

"மச்சான், டப்பாவைக் கீழே வைங்க."

"நடுவுல பசிச்சா?"

"முக்கால் மணி நேரம்தான் மச்சான்."

கிழக்கே போகிறவர்கள் பறக்கும் உயரம் ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500 அடி என்பது வழக்கம். 5,500 அடிக்குப் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் வெந்துகொண்டிருந்த நாங்கள் அங்கேதான் மூச்சு விட்டோம். கீழே பீவர் ஏரி, அப்புறம் ஓசார்க் மலைக்காடு. ஒயிட் ரிவர் வடக்கே மிசௌரிக்குள் போய், அங்கே ஒரு ஏரியாகி, மறுபடி ஆர்கன்சாவுக்குள் வருகிறது. நாங்கள் குறுக்கே போய் அதற்காகக் காத்திருந்த மாதிரி, புல் ஷோல்ஸ் அணைக்கட்டுக்குக் கீழே மறுபடி சந்தித்தோம். (இந்தப் புல் மேய்கிற புல் இல்லை, காளை.)

கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. ரேடியோவில் நாமே சொல்லிக்கொண்டு இறங்க வேண்டும். ஒரு சுற்று மேலே பறந்து, மான், மனிதர் யாரும் குறுக்கே இல்லை என்று பார்த்துக்கொண்டேன். தென்மேற்குக் காற்று, அதனால் காற்றை எதிர்த்து இறங்க ஓடுதளத்தின் 24 என்ற எண்ணுள்ள முனை. ஓடுதளத்தின் அகலம் 55 அடிதான், மேலிருந்து பார்த்தால் ரிப்பன் மாதிரி. குறுகலான தளம் கண்ணை ஏமாற்றும், உயரமாக இருப்பதாகத் தோன்றி சீக்கிரம் கீழே இறங்கச் சொல்லும். வேக முள்ளை மட்டும் நம்பினேன். 58. தொட்டது, ஒரு சின்னத் துள்ளல், மறுபடி தொட்டது. ஸ்டிக் வயிற்றில்.

அன்று மாலை மச்சான் பிடித்த இரண்டு ரெயின்போ ட்ரௌட் புளி, மிளகாய்த்தூள் பூசி நல்லெண்ணெயில் பொரிந்தது. மீன்பிடி லைசென்ஸோடு ட்ரௌட்டுக்குத் தனி அனுமதியும் வாங்க வேண்டும். குளிர்ந்த நீர் மீனான ட்ரௌட் இங்கே வாழ்வதே அணையால்தான். 1951-ல் கட்டி முடித்த அணை ஏரியின் அடியிலிருந்து தண்ணீரைத் திறக்கிறது. ஆற்றில் அதுவரை இருந்த வெதுநீர் மீன்களுக்கு அந்தக் குளிர் ஒத்துவரவில்லை. மின்சாரம் எடுக்கத் தொடங்கினால் ஆறு மளமளவென்று ஏறும். முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டிருந்த மச்சான் இடுப்பு நனைந்து ஓடிவந்தார்.

அதே குளிர்தான் மறுநாள் எங்களைக் கட்டிப்போட்டது. வெயிலுக்கு முன்னே ஏழு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். வெளியே வந்தால் விமானத்தையே காணோம். ஜூன் மாத ஈரக்காற்று அந்தத் தண்ணீர் மேல் படுத்தால் பனிமூட்டம் வராமல் என்ன செய்யும்? ஓடுதளமே ஆற்றங்கரையில். பத்தரைக்குத்தான் எதிர்க்கரை தெரிந்தது. அதற்குள் 32 டிகிரி. தளத்தின் உயரம் 479 அடிதான், ஆனால் அந்தச் சூட்டில் இறக்கைக்கும் எஞ்சினுக்கும் சுமார் 2,600 அடி உயரத்தில் இருப்பது போலத்தான். புல்லின் இழுவை வேறு. பாதித் தூரத்துக்குள் எழும்பாவிட்டால் த்ராட்டிலை மூடிவிடுவேன் என்று மச்சானிடம் முதலிலேயே சொல்லி, ஓரத்தில் ஒரு மரத்தையும் காட்டினேன். இறக்கையின் பின்விளிம்பு மடிப்பான ஃப்ளாப் பாதி, ஸ்டிக் பின்னால், நிற்காமலே உருட்டி முழு பவர். மூக்கு எழுந்தது, சக்கரம் விட்டது. உடனே ஏறாமல் புல்லுக்கு மேலேயே தாழப் பறந்து வேகம் சேர்த்தேன். மரம் வரும் முன்பே மேலே போய்விட்டோம். மச்சான் ஹாரிசன் ஊர் தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு, "முறுக்கு எடுக்கட்டா?" என்றார்.

ஹேங்கரில் சக்கர மூடிகளைக் கழற்றினால் ஒரு கைப்பிடி காய்ந்த புல்.

அடுத்தது செப்டம்பரில் மனைவியோடு. அண்ணனைவிட 70 பவுண்டு குறைவுதானே, தோசைக்கல்லைக் கொண்டு போகலாமே என்கிறாள். சாமான் தட்டின் வரம்பு ஆளைப் பார்த்து மாறாது என்றேன். "அப்போ மடியில வச்சுக்கிறேன்" என்றாள். மடியில் தோசைக்கல் இருந்தால் ஸ்டிக்கை வயிறுவரை இழுக்க முடியாது. புல்லில் இறங்க அதுதான் வேண்டும்.