பக்கத்தில் நிற்பவள்

"ஏம்மா, மிஷினு தானா அறுத்துடுமா?"

தஞ்சாவூரில் நான் தியேட்டர் நர்ஸாக இருக்கும் மருத்துவமனையில், ரோபோ ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி ஒரு அம்மா கேட்டது. பாபநாசம் பக்கத்துக் கிராமம், அறுபதைத் தாண்டிய வயது. கண் மஞ்சளித்த பிறகும் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு, சம்பா நடவு முடியட்டும் என்று மூன்று வாரம் வயலுக்குப் போயிருக்கிறார். உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, குளிர்காய்ச்சலும் கண்ட பிறகுதான் மகன் கூட்டிவந்தார்.

எங்கள் பக்கம் காமாலை என்றாலே கீழாநெல்லியும் பத்தியமும்தான். பித்தப்பையிலிருந்து நழுவிய கல், பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாயான பித்தநாளத்தை அடைத்து வரும் காமாலைக்கு, அடைப்பு நீங்கினால்தான் விடிவு. மலம் வெளுத்து, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். கூடவே காய்ச்சலும் வந்தால் உயிருக்கே ஆபத்து.

அவருக்கு வாய் வழியாக எண்டோஸ்கோப்பி விட்டுக் கல்லை எடுக்கப் பார்த்தார்கள். பெரிது, வரவில்லை. பித்தம் வடிய ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்து, மஞ்சள் இறங்கிய பிறகு ரோபோவில் செய்யலாம் என்று முடிவானது. வெறும் பித்தப்பைக் கல்லுக்கு, சின்னத் துளைகள் வழியாகக் கையால் செய்யும் லேப்ராஸ்கோப்பியே போதும் என்பது என் எண்ணம். நாளத்தைத் திறந்து, கல்லெடுத்து, திரும்பத் தைக்கும்போதுதான் ரோபோவின் அருமை தெரியும்.

"தானா எதுவும் செய்யாதும்மா. டாக்டர் கைய அசைச்சாத்தான் அது அசையும்" என்றேன்.

"அவரு பக்கத்துல இருப்பாரா?"

"அதே ரூம்ல, கொஞ்சம் தள்ளி உக்காந்திருப்பாரு. பக்கத்துல நான் நிப்பேன்மா."

2001-ல் நியூயார்க்கில் உட்கார்ந்த மருத்துவர்கள், பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் படுத்திருந்த ஒரு பெண்ணின் பித்தப்பையை ரோபோவால் எடுத்தார்கள். அன்றைக்கும் அந்தப் பெண்ணின் மேஜையருகே ஆட்கள் நின்றார்கள். கருவிகளை மாற்றவும், தையல் ஊசியை உள்ளே கொடுத்து எண்ணி வாங்கவும் மேஜையருகே ஆள் வேண்டும். அவசரமென்றால் ரோபோவின் கைகளைக் கழற்றிவிட்டு வயிற்றைத் திறக்க வேண்டும். அதற்கான கருவித் தட்டு எப்போதும் தயாராக இருக்கும்.

மறுநாள் ரத்தக்குழாயில் போட்ட பச்சைச் சாயம் கல்லீரல் வழியாகப் பித்தத்தில் கலந்து, அகச்சிவப்பு ஒளியில் நாளம் இளம் நாற்றங்கால் மாதிரிப் பளிச்சென்று பச்சையாகத் தெரிந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நொடியில் எனக்கு மூச்சு நிற்கும். எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்பது அதில் இன்னும் தெளிவாகிவிடும். டாக்டர் நாளத்தைக் கீறினார். பித்தம் கசிந்தது, உறிஞ்சினோம். பின்னாலேயே நாவல் கொட்டை அளவில் கல் பிதுங்கி வந்தது. அப்புறம் முடி போன்ற நூலில், துளி நடுக்கமில்லாமல் தையல்.

அடுத்த நாள் காலை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கல் இருந்த பாட்டிலைக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதையா வயித்துல வச்சுக்கிட்டு நடவு நட்டேன்?"