காசு தொடாத நாள்

ஜூலை 1, 2025, செவ்வாய்

புது நிதியாண்டு. காலையிலேயே சந்தா பில்களை அனுப்பி முடித்தேன். முன்னூற்றுச் சொச்சம் குடும்பங்கள். மதியத்துக்குள் ஒன்பது போன் வந்துவிட்டது, எல்லாமே "போன வருஷத்தைவிட ஏன் கூட?" என்றுதான்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு: நான் நியூ ஜெர்சியில் ஒரு யூத ஆலயத்தில் அலுவலக மேலாளர். கணக்கு, கட்டடம், பாதுகாப்பு மூன்றும் என் மேசையில். தமிழ் பைபிளில் ஜெப ஆலயம் என்பார்கள், கொச்சியில் யூதப்பள்ளி. எங்கள் ஆபீஸில் எல்லாரும் சொல்வது 'ஷூல்'. நானும் அப்படியே எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆலயப் பெயரும் எழுத மாட்டேன். காரணம் போகப் போகத் தெரியும்.

என் அப்பா கும்பகோணம் பக்கம் ஒரு கோயிலில் கணக்கு எழுதியவர். உண்டியல் எண்ணும் நாளில் சட்டைப்பையில் ஒரு ரூபாய்கூட இல்லாமல் கிளம்புவார். திருவிழாக் கூட்டம்தான் கோயிலுக்கு வருமானம் என்பது எனக்குப் பால்குடியோடு வந்த பாடம். இங்கே சேர்ந்த முதல் வருஷம் அது தலைகீழாகிவிட்டது. ஓய்வு நாளான சனிக்கிழமையும் பண்டிகை நாளும் இவர்கள் காசைத் தொடமாட்டார்கள், எழுத மாட்டார்கள், போனை எடுக்க மாட்டார்கள். ஆயிரம் பேர் கூடும் நாளில் ஒரு டாலர்கூட உள்ளே வராது. உண்டியலும் கிடையாது, தட்டும் கிடையாது. வருஷத்துக்கான பணம் முழுக்க முன்கூட்டியே சந்தாவாக வந்தாக வேண்டும்.

பெரிய பண்டிகைகளுக்கு இருக்கைச் சீட்டு கொடுப்பதும் அதனால்தான். "சாமி கும்பிட டிக்கெட்டா?" என்று அம்மா போனில் சிரித்தாள். சிறப்பு தரிசன வரிசையில் நின்றவள் கேட்கிற கேள்வியா அது!

ஜூலை 9

சந்தா குறைப்புக் கேட்டு வரும் படிவங்கள் என்னிடமும் பொருளாளரிடமும் மட்டும்தான் வரும். பொருளாளர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். படிவத்தில் ஒரே கேள்வி: இந்த வருஷம் எவ்வளவு தர முடியும்? சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு எதுவும் கேட்பதில்லை. எழுதிய தொகைக்கு அவர் தலையை ஆட்டுவார், நான் பதிவேன்.

இன்று ஒருவர் படிவத்தை நேரில் கொண்டுவந்தார். தொகை எழுதும் இடம் காலி. "நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எனக்குக் கை வரவில்லை" என்றார். போன வருஷத் தொகையில் பாதியை எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதை அடித்து, அதைவிடக் கூட எழுதிவிட்டுப் போனார்.

எங்கள் மதகுருவான ரபியின் வீட்டுப்படித் தீர்மானம் நிர்வாகக் குழுக் குறிப்பில் ஏறியிருக்கிறதா என்றும் சரிபார்த்தேன். மதகுருவின் சம்பளத்தில் வீட்டுச் செலவுக்கென்று ஒதுக்குவதற்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. ஆனால் குழு முன்கூட்டியே தீர்மானம் போட்டிருக்க வேண்டும், பின்தேதி செல்லாது. ஒரு வரிதான். அது இல்லாவிட்டால் அவர் வரிக்கணக்கே கோணிவிடும்.

ஜூலை 22

கூரையில் நான்கு ஏசி இயந்திரங்கள், அதில் மூன்றாவது செத்துவிட்டது. இந்தக் கட்டடம் அறுபதுகளில் கட்டியது. பிரார்த்தனைக் கூடத்துக்கும் பின்னால் உள்ள விருந்துக் கூடத்துக்கும் நடுவே சுவரே மடிப்புக் கதவுதான். வருஷத்தில் மூன்று நான்கு நாள் அதைத் திறந்தால் இரண்டும் ஒரே கூடம். அந்த நாட்களுக்காகத்தான் நான்கு இயந்திரங்கள். மீதி நாளெல்லாம் அவை காலி நாற்காலிகளுக்குக் குளிரூட்டுகின்றன.

எல்லாமே டைமரில் ஓடும். ஓய்வு நாள் வெள்ளி மாலையே தொடங்கிவிடும்; சூரியன் சாய்ந்தபின் சுவிட்சைத் தொடக் கூடாது என்பதால் விளக்கு, ஏசி எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே மணி வைத்துவிட வேண்டும். ஒருமுறை கோடை நேரத்துக்காகக் கடிகாரம் மாறியதை நான் மறந்துவிட, சனி காலை நடுப் பிரார்த்தனையில் கூடம் இருண்டது. யாரும் எழவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் வாசித்து முடித்தார்கள். திங்களன்று யாரும் என்னைக் குறை சொல்லவும் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகஸ்ட் 12

கண்ணாடிக்குப் படலம் ஒட்டும் வேலை முடிந்தது. முகப்பு முழுக்கக் கண்ணாடி. 'வா' என்று அழைக்கிற மாதிரி கட்ட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்திருக்கிறார்கள். 2018 அக்டோபர் 27-ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் சனிக்கிழமைப் பிரார்த்தனையின்போது 11 பேரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். அதற்குப் பிறகு இந்தக் கண்ணாடியை யாரும் பழைய கண்ணோடு பார்க்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தது அதற்கு அடுத்த வருஷம்.

படலம் குண்டைத் தடுக்காது. உடைந்த கண்ணாடி உதிர்ந்து வழிவிடாமல் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். ஒட்டிய ஆளிடம் "எவ்வளவு நேரம் தாங்கும்?" என்றேன். "நீங்கள் ஓடும் நேரம்" என்றார்.

செலவு மத்திய அரசின் மானியத்தில். லாப நோக்கில்லாத அமைப்புகளின் பாதுகாப்புக்கென்று பேரிடர் மேலாண்மை முகமை தருவது, மாநில அரசு வழியாக வரும். விண்ணப்பத்தில் கட்டடத்தின் பலவீனங்களை ஒவ்வொன்றாக எழுத வேண்டும்: எந்தக் கதவு சரியாகச் சாத்தாது, எந்தப் பக்கம் கார் ஏறி வரலாம், நர்சரிப் பிள்ளைகள் எந்த ஜன்னல் பக்கம் உட்காருகிறார்கள். எழுதி முடித்தபோது, இந்தத் தாள் தப்பான கையில் கிடைத்தால் என்று நினைத்து வயிற்றைக் கலக்கியது. இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நோட்டில் பெயர்கள் எழுதாததற்கும் அதுதான் காரணம்.

மானியம் கைக்கு முன்பணமாக வராது. நாம் செலவழித்து, பில் கட்டி, ரசீது காட்டிய பிறகுதான் திரும்ப வரும். அதுவரை கட்டட நிதியிலிருந்து கைமாற்று.

ஜெர்மனியில் ஹாலே என்ற ஊர். 2019-இல், பாவமன்னிப்பு வேண்டி நோன்பிருக்கும் யோம் கிப்பூர் நாளில் துப்பாக்கியோடு வந்தவனால் ஷூலின் மரக்கதவைத் திறக்க முடியவில்லை. உள்ளே ஐம்பது பேர் போல இருந்தார்கள், எல்லாரும் பிழைத்தார்கள். வெளியே இரண்டு பேரைக் கொன்றான். அந்தக் கதவின் படத்தை என் கணினித் திரையில் வைத்திருந்தேன். போன மாதம் எடுத்துவிட்டேன், தினம் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 25

இன்று யூதக் காலண்டரில் ஏலூல் மாதம் பிறப்பு. இனி யூதப் புத்தாண்டுவரை வார நாட்களில் காலைப் பிரார்த்தனை முடிவில் ஆட்டுக்கொம்பு ஊதுவார்கள். என் மேசைவரை கேட்கும். கட்டட ஊழியர் அதைக் கேட்டால்தான் காபி போடுவார்.

செக்குகள் வரத் தொடங்கிவிட்டன: 18, 36, 54, 180. எபிரேயத்தில் எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு, 'உயிர்' என்ற சொல்லுக்குக் கூட்டினால் 18. அதனால் நன்கொடை எல்லாம் பதினெட்டின் மடங்கு. நம் ஊர் மொய்யில் 101, 501 மாதிரி. ஒருவர் 50 டாலர் அனுப்பினால் பொருளாளர் "புது ஆள்" என்பார். சரியாகத்தான் இருக்கும்.

நினைவுப் பலகையில் பதினோரு பல்பு மாற்றினோம். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் வெண்கலத் தகடு, பக்கத்தில் சின்ன விளக்கு. திதி வரும் வாரம் அது எரியும். திதி யூதக் காலண்டர்ப்படி, ஆங்கிலத் தேதி வருஷா வருஷம் நகரும். அம்மாவுக்கு இதை விளக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

வாசல் தொண்டர்களுக்குப் பயிற்சி. ரத்தம் நிறுத்தும் கட்டு, அவசரப் பொத்தான், பையைத் திறந்து பார்ப்பது. எண்பது வயதுப் பாட்டி ஒருவர் எழுந்தார். "நாற்பது வருஷமாக வருகிறேன். என் பைக்குள் மூக்குக்கண்ணாடியும் மிட்டாயும்தான். அதையும் திறக்கணுமா?" பயிற்சியாளர் பணிவாக "ஆமாம்மா" என்ற மாதிரி ஏதோ சொன்னார். பாட்டி பையைத் திறந்து ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்.

பிறகு பயிற்சியாளர் ஒரு கதை சொன்னார். டெக்சாஸில் கொலிவில் என்ற ஊரில், 2022 ஜனவரி 15-ஆம் தேதி, குளிரில் வந்து கதவு தட்டியவனுக்கு ரபி தேநீர் போட்டுக் கொடுத்தார். அவன் துப்பாக்கி எடுத்து நான்கு பேரைப் பிணையாக வைத்தான். கடைசியில் ரபி நாற்காலியை வீசியெறிய, உள்ளே மிச்சமிருந்தவர்கள் தப்பினார்கள். கதை முடிந்ததும் அந்தப் பாட்டிதான் கேட்டார்: "இனி யாருக்கும் தேநீர் கிடையாதா?" பயிற்சியாளர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

தீயணைப்பு ஆய்வாளரும் வந்து போனார். கதவுகளுக்கு வெளியிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் பூட்டு போடுங்கள், உள்ளிருந்து தள்ளினால் உடனே திறக்க வேண்டும், சங்கிலி கூடவே கூடாது என்றார். பாதுகாப்பு ஆலோசகர் 'உள்ளே விடாதே' என்கிறார், இவர் 'வெளியே விடு' என்கிறார். இரண்டு பேருமே சரி. பில் எனக்கு.

செப்டம்பர் 22, திங்கள்

இன்று மாலை யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா, யூத ஆண்டு 5786. இன்றே நவராத்திரியும். கொலுப் படியை நேற்றிரவு கட்டிவிட்டேன். பொம்மை அடுக்க நேரமில்லை, மூன்று படியில் பிள்ளையார் மட்டும் தனியாக.

அக்டோபர் 1, புதன்

காலையில் ஆயுத பூஜை. ஷூல் சாவிக்கொத்தைப் பத்து நிமிஷம் கொலுப் பக்கத்தில் வைத்து, குங்குமம் தொட்டு வைத்தேன். காரில் ஏறுமுன் துடைத்துவிட்டேன். இந்தச் சாவி திறக்கிற வீட்டில் உருவ வழிபாட்டுக்கு இடமில்லை என்பது எனக்குத் தெரியும். ரபியிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சரஸ்வதி பூஜையன்று ஏட்டைத் தொடக் கூடாது. இவர்களோ இன்று மாலை முதல் பேனாவைத் தொட மாட்டார்கள். என் தொழிலுக்கு இரண்டு பக்கமும் விடுமுறை. ஆனாலும் எனக்கு இல்லை.

மாலை கோல் நித்ரே, யோம் கிப்பூரைத் தொடங்கிவைக்கும் பிரார்த்தனை. வெள்ளை உடுப்புக்கும் கோட்டுக்கும் கீழே எல்லாரும் துணிச் செருப்பு, கான்வாஸ் ஷூ. இன்று தோல் காலணி ஆகாது. புதுக் காவலரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன், இல்லாவிட்டால் அதையே சந்தேகமாகப் பார்த்திருப்பார்.

நிதிக் கோரிக்கை இன்றிரவுதான். தலைவர் ஏழு நிமிஷம் பேசினார். எழுதக் கூடாத நாளில் வாக்குறுதியை எப்படி வாங்குவது? ஒவ்வொருவர் பெயரும் அச்சிட்ட அட்டை, ஓரத்தில் 36, 180, 360, 1,800 என்று நாக்குகள். வேண்டிய நாக்கை மடித்தால் போதும். ஆயிரம் பேர் அட்டை மடிக்கும் சத்தம் பனையோலை உரசுவது போல் இருக்கும்.

இன்று முதல் மத்திய அரசு அலுவலகங்கள் நிதியில்லாமல் முடக்கம். படலத்துக்கான பணத்தை மனதிலிருந்து அடுத்த வருஷத்துக்குத் தள்ளினேன்.

அக்டோபர் 2, வியாழன்

விடிவதற்குள் போன் அதிர்ந்தது. மான்செஸ்டரில் ஒரு ஷூல் வாசலில் ஒருவன் காரை ஏற்றி, கத்தியால் குத்தியிருக்கிறான். இங்கிலாந்தில் அப்போது யோம் கிப்பூர் காலைப் பிரார்த்தனை நேரம். உள்ளே விடாமல் கதவை அடைத்துப் பிடித்திருக்கிறார்கள்.

ஏழு மணிக்கு முன்பே போய்விட்டேன். ரோந்து கார் கூடுதலாக ஒன்று வந்து நின்றது, நான் கேட்பதற்கு முன்பே. காவலருக்குத் தெரியும், கட்டட ஊழியருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நடந்து வந்து உள்ளே நுழைகிறவர்களில் போனை வீட்டில் அணைத்து வைத்தவர் யாருக்கும் தெரியாது. "இனிய நோன்பு" என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். நானும் திருப்பிச் சொன்னேன்.

ரபி பக்க வாசலில் வந்தார். சொன்னேன். "எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டார். அப்போது உறுதியாகத் தெரியவில்லை. "தெரிந்ததும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், யிஸ்கோருக்கு முன் பார்க்கிறேன்" என்றார். யிஸ்கோர் இறந்தவர்களுக்கான பிரார்த்தனை. ஒரு தாளில் 'இரண்டு பேர்' என்று எழுதி அவருடைய மேடைமேல் வைத்தேன். அந்தக் கட்டடத்தில் இன்று பேனா தொட்டவள் நான்தான்.

அவர் அறிவித்தபோது நான் கடைசி வரிசைக்குப் பின்னால், தள்ளு கதவின் கம்பியில் கை வைத்து நின்றிருந்தேன். யாரும் எழுந்து போகவில்லை. ஒரு குழந்தை மட்டும் பசிக்கிறது என்றது.

இரவு வீடு வந்து விஜயதசமி சுண்டல் சாப்பிட்டேன். அம்மாவுக்குப் போன் செய்யவில்லை.

அக்டோபர் 3

இறந்தவர்களில் ஒருவருக்கு போலீஸின் குண்டு பட்டிருக்கிறது, தாக்கியவனிடம் துப்பாக்கியே இல்லை என்று மான்செஸ்டர் போலீஸ் சொல்லியிருக்கிறது. குண்டு பட்டவர்கள் கதவுக்குப் பின்னால் நின்றவர்கள். எங்கள் பாதுகாப்புத் திட்டத்தில் 'தொண்டர்கள் கதவருகே நிற்க வேண்டும்' என்று நான் எழுதிய வரியைப் பத்து முறை படித்தேன். மாற்ற என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஆலோசகருக்கு அனுப்பியிருக்கிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

பொருளாளரோடு அட்டை எண்ணினோம். போன வருஷத்தைவிடக் கொஞ்சம் கூட. ஒரு அட்டையில் 180-இன் நாக்கு பாதி மடிந்திருந்தது. மடிப்பா, பையில் கசங்கியதா? ஜூலையில் படிவத்தோடு வந்தவருடையது. போன் செய்து கேட்கட்டுமா என்றேன். பல் டாக்டர் விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்து, "கசங்கல்" என்றார். வெறும் அட்டைகளோடு சேர்த்தேன்.

அக்டோபர் 6

இன்று மாலை சுக்கோத், குடில் பண்டிகை. பின் முற்றத்தில் குடில் எழும்பிவிட்டது. மூங்கிலும் சோளத்தட்டையும் வேய்ந்த கூரை, இடுக்கில் வானம் தெரிய வேண்டும் என்பது விதி. மூன்று பக்கம் துணிச் சுவர், நான்காவது பக்கம் திறப்பு. ஒரு வாரம் அதில்தான் சாப்பாடு.

காவலர் வந்து சுற்றிப் பார்த்தார். "வாசல் எதுன்னு சொல்லுங்க, அங்கே நிக்கிறேன்."

பார்க்கிங் பக்கம் நிற்கச் சொன்னேன். மாலை ஐந்து முதல் ஒன்பது, நான்கு மணி நேரம்.