வெயிலில் எதற்கு ஃப்ளாஷ்

"இவ்ளோ வெளிச்சத்துல எதுக்குப்பா லைட்டு?"

காலையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடக்க வந்த பெரியவர், ஒரு ஜோடியை ஃப்ளாஷ் போட்டுப் படமெடுத்துக்கொண்டிருந்த போட்டோகிராபர் தம்பியிடம் கேட்டேவிட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே சூரியன் கடல் பக்கம் உதிக்கிறது. கடலையும் சேர்த்து எடுத்தால் ஜோடியின் முதுகில்தான் வெயில், முகம் கருத்துப்போகும்.

தம்பி கேமரா திரையைக் காட்டினார். ஃப்ளாஷ் இல்லாத படத்தில் பெண்ணின் மூக்குத்தியே தெரியவில்லை. அடுத்ததில் மூக்குத்திக் கல்லில் பொட்டாக ஒரு வெளிச்சம், கண்ணிலும் ஒன்று.

ஷட்டர், அதாவது கேமராவுக்குள் வெளிச்சத்தை விடும் கதவு, திறந்திருப்பது 1/200 நொடி. அதற்குள் ஃப்ளாஷ் மின்னி முடிந்துவிடும் என்பதால், அந்த வேகத்தைத் தாண்டாமல் ஷட்டரை மாற்றினால் வானத்தின் வெளிச்சம்தான் கூடும் குறையும், முகத்துக்கு ஃப்ளாஷ் பவரைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். அழகான ஏற்பாடு!

நம்ம கல்யாண மண்டபங்களில் இதையே நேராக முகத்தில் அடித்து எல்லாரையும் பவுடர் பூசின மாதிரி ஆக்குகிறார்கள். வெள்ளைக் கூரைப் பக்கம் திருப்பி அடித்தால் போதுமே, அப்புறம் என்ன அவசரமோ.