காலண்டரில் சில எழுத்துகள்

மார்ச் 3

பசியோடுதான் சாப்பிட உட்கார்கிறேன். நாலு வாய் உள்ளே போனதும் போதும் என்று ஆகிவிடுகிறது. வயிறு விம்மி நிற்கிறது. மாத்திரை போட்டால் ஏப்பம் வருகிறதே தவிர வயிறு இறங்கவில்லை. "வயசானா வாய்வு வரத்தான்டி செய்யும்" என்று அக்கா போனிலேயே முடித்துவிட்டாள். எனக்கு 53. முன்பும் வயிறு உப்பியதுண்டு, ஆனால் விடிந்தால் சரியாகிவிடும். இப்போது காலையில் எழும்போதே இடுப்பு நாடாவைத் தளர்த்தித்தான் கட்ட வேண்டியிருக்கிறது. கையும் முகமும் மெலிந்திருக்க, வயிறு மட்டும் ஏறுகிறது.

மார்ச் 8

பாத்ரூம் போய்விட்டு வந்து படுத்தால், உடனே மறுபடி போக வேண்டும்போல் இருக்கிறது. எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி எதுவும் இல்லை. அசிடிட்டி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 10

இன்று உட்கார்ந்து படித்தேன். விடாத உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, அடிவயிற்றிலோ இடுப்பிலோ வலி, அடிக்கடி அல்லது அவசரமாகச் சிறுநீர். சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டுகிறதாம். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் வீட்டுக்கு வீடு இருக்கிற தொல்லைதான், அதனால்தான் தப்பிவிடுகிறது. புதிதாக வந்ததா, திரும்பத் திரும்ப வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். 2007-ல் பார்பரா காஃப் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு கணக்கு சொன்னார்கள்: வலி, உப்புசம், சாப்பிட முடியாமை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கடந்த ஓராண்டுக்குள் ஆரம்பித்து, மாதத்தில் 12 நாளுக்கு மேல் வந்தால் சோதிக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியபின் முதல்முறையாக "குடல் எரிச்சல் நோய்" என்று பெயர் வைத்தாலும் சந்தேகப்படலாம், அது அந்த வயதில் புதிதாக ஆரம்பிப்பது அபூர்வம்.

இதைப் படித்ததும் மனம் கண்டபடி ஓடியது. உப்புசம் உள்ள பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இல்லை என்பதையும் அதே பக்கத்தில்தான் படித்தேன். ஆனால் ஞாபகத்தை நம்பி "அப்பப்போ இருக்கு டாக்டர்" என்று போய்ச் சொல்வதில் பயனில்லை. சுவர்க் காலண்டரில் பென்சிலால் எழுத ஆரம்பித்தேன். உப்புசத்துக்கு உ, நிறைவுக்கு நி, சிறுநீருக்கு சி, வலிக்கு வ.

மார்ச் 27

கட்டத்துக்குக் கட்டம் உ. பிள்ளையார் சுழி போட்டுப் பழகியதுபோல் இருக்கிறது காலண்டர்! கிழித்து மடித்து மகப்பேறு மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் வாங்கிப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்தார், அப்புறம்தான் கேள்விகள் ஆரம்பித்தன. மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டதா? எடை குறைந்ததா? மலச்சிக்கல் புதிதா?

"போன வருஷம் பாப் ஸ்மியர் எடுத்தேன், நார்மல்" என்றேன். அது கருப்பை வாய்க்கான சோதனை, சினைப்பையைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்றார். எத்தனை பெண்கள் அந்த ஒரு சீட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்களோ! உள்பரிசோதனை செய்தார். சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் சி.ஏ. 125 ரத்தப் பரிசோதனையும், பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 30

சி.ஏ. 125 அளவு 61. வழக்கமான வரம்பு 35. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), கருப்பை நார்க்கட்டி, ஏன், மாதவிலக்கு நாட்களில்கூட இது ஏறுமாம். ஆரம்ப நிலைப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏறாமலேயே இருக்குமாம். ஸ்கேன் பார்க்காமல் இந்த எண்ணை வைத்துக் குழம்பிப் பயனில்லை.

"அப்போ எல்லாரும் வருஷா வருஷம் இதை எடுத்துட்டா என்ன?" என்று தோழி கேட்டாள். பிரிட்டனில் 2001 முதல் 2 லட்சம் பெண்களை வைத்து அதைத்தான் சோதித்தார்கள். 2021-ல் வந்த முடிவின்படி, அறிகுறி இல்லாதவர்களை இப்படிச் சோதித்ததால் இறப்பு குறையவில்லை. அறிகுறியோடு போய் நிற்கும் என் கதை வேறு.

ஏப்ரல் 2

இடது சினைப்பையில் கட்டி. நீர் மட்டுமல்ல, திடப் பகுதியும் இருக்கிறது. வயிற்றுக்குள் கொஞ்சம் நீர். ஊசி குத்திப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். கட்டி சினைப்பைக்குள்ளேயே இருந்தால், குத்துவதில் உள்ளிருப்பது கசிந்து பரவலாம், அதனால் முழுதாக எடுத்துத்தான் ஆய்வுக்கு அனுப்புவார்கள். பெண் உறுப்புப் புற்றுநோய்களுக்கென்றே பயிற்சி பெற்ற அறுவை மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறார். கருக்குழாய்களையும் சேர்த்து எடுப்பார்களாம். சினைப்பைப் புற்றுநோயில் வேகமாகப் பரவும் வகையைச் சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை அந்தக் குழாயின் நுனியில்தான் தொடங்குகின்றன என்று இப்போது கருதுகிறார்கள்.

குடும்பத்தில் யாருக்காவது? "அம்மா வழியில் இல்லை" என்றேன். "அப்பா வழியில்?" அத்தைக்கு நாற்பது சொச்சத்தில் மார்பகப் புற்று வந்தது. மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு அப்பாவிடமிருந்தும் அப்படியே வரும் என்று குறித்துக்கொண்டார்.

ஏப்ரல் 6

"எனக்கும் டெஸ்ட் எடுக்கணுமாடி?" அக்காவின் குரலில் இப்போது வாய்வு வைத்தியம் இல்லை. நோய் கண்டவரிடம் முதலில் பார்ப்பதுதான் முறை என்றேன். என் கட்டியின் முடிவு வரட்டும், அதற்குப் பிறகு எனக்கு மரபணுப் பரிசோதனை, அதில் கோளாறு தெரிந்தால் அவளுக்கும் அத்தை மகளுக்கும். அத்தையின் பழைய மருத்துவக் காகிதங்கள் மகளிடம்தான் இருக்கின்றனவாம். அறுவை சிகிச்சை 14-ஆம் தேதி. அதற்குள் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.