சிட்டிசன்ஷிப் தேர்வு: 1776-ஐயும் 1787-ஐயும் குழப்பிக்கொள்ளாமல் படிக்க

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கும் நம்மவர்களில் பலர் கேள்வி-பதில் பட்டியலைப் பிரின்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி நெட்டுருப் போடுகிறார்கள். பட்டியலில் 100 கேள்விகள் இருந்தவரை இது ஒப்பேறியது. 2025 அக்டோபர் 20 முதல் என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பம் போடுபவர்களுக்குப் பட்டியல் 128 கேள்விகளாகிவிட்டது. ஆபீசர் 20 கேள்விகள் வரை கேட்பார். 12 சரியாக இருக்க வேண்டும். 12 சரியானதும் நிறுத்திவிடுவார், 9 தப்பானாலும் நிறுத்திவிடுவார். அதற்கு முன்பே விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய கணக்குதான்: 10 கேள்வி, 6 சரி. எந்தத் தேர்வு என்பதை விண்ணப்பத் தேதிதான் தீர்மானிக்கிறது, இன்டர்வியூ தேதி அல்ல.

இந்தக் கேள்வி-பதில் தேர்வு வாய்மொழியாக நடக்கிறது. நான்கு விடைகளில் ஒன்றை டிக் அடிக்கும் வசதி கிடையாது. தவிர, புதிய பட்டியலில் ஸ்தாபகத் தலைவர்களான ஜேம்ஸ் மேடிசன், அலெக்சாண்டர் ஹாமில்டன் இருவருக்கும் தனித்தனிக் கேள்விகளே வந்துவிட்டன. ஆகவே யார் எந்த ஆண்டில் என்ன செய்தார் என்ற கதை தெரியாமல் பதிலை மட்டும் மனப்பாடம் செய்தால், பதற்றத்தில் ஒருவர் செய்ததை இன்னொருவர் தலையில் கட்டிவிடுவோம்.

அதிகம் குழம்புவது சுதந்திரப் பிரகடனமும் அரசியலமைப்பும்தான். குழம்புவதற்குக் காரணமும் இருக்கிறது. இரண்டும் ஃபிலடெல்ஃபியாவில், இன்று இன்டிபென்டன்ஸ் ஹால் என்று அழைக்கப்படும் அதே கட்டடத்தின் அதே அறையில், 11 ஆண்டு இடைவெளியில் உருவானவை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் உட்பட ஆறு பேர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர்கள். ஆனால் இரண்டின் வேலையும் வேறு. 1776-ல் வந்தது பிரிட்டனிடமிருந்து பிரிகிறோம் என்ற அறிவிப்பு. ‘உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியை நாடும் உரிமை’ என்ற தொடர் அதில்தான் இருக்கிறது. 1787-ல் வந்தது அரசாங்கம் எப்படி நடக்க வேண்டும் என்ற சட்டம். ‘மக்களாகிய நாம்’ என்று தொடங்குவது இது.

பிரகடனத்தை எழுதியவர் தாமஸ் ஜெஃபர்சன். அரசியலமைப்பு உருவானபோது அவர் ஊரிலேயே இல்லை. தூதராகப் பாரிஸில் இருந்தார். இன்னொரு ஸ்தாபகத் தலைவரான ஜான் ஆடம்ஸ் லண்டனில் இருந்தார். இந்த ஒரு விஷயம் நினைவில் இருந்தால் ‘அரசியலமைப்பை எழுதியவர் ஜெஃபர்சன்’ என்ற பதில் வாயில் வராது. அரசியலமைப்பை உருவாக்கிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஜார்ஜ் வாஷிங்டன். ‘அரசியலமைப்பின் தந்தை’ என்ற பெயர் மேடிசனுக்கு. ‘நாட்டின் தந்தை’ என்றால் வாஷிங்டன். இந்த இரண்டு தந்தைகளும் இடம் மாறுவது சகஜம்.

மாநாட்டுக்கு வந்த 55 பேரில் கையெழுத்திட்டவர்கள் 39 பேர்தான். கடைசி நாள்வரை இருந்தும் மறுத்த மூவரில் ஒருவர் வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன். குடிமக்களின் உரிமைகள் தனியாக எழுதப்படவில்லை என்பது அவருடைய முக்கியமான குறை. அந்தக் குறையைப் பல மாநிலங்களும் கிளப்பியதால்தான் மேடிசனே திருத்தங்களை முன்வைத்தார். காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், 12 திருத்தங்களை மாநிலங்களுக்கு அனுப்பியது. 10 மட்டும் 1791 டிசம்பர் 15-ல் நிறைவேறின. அந்த 10-தான் உரிமைகள் சாசனம். விடுபட்ட இரண்டில் ஒன்று 1992-ல், இருநூறு வருஷம் கழித்து, 27-ஆவது திருத்தமாக உள்ளே வந்தது. மொத்தத் திருத்தங்கள் எத்தனை என்ற கேள்விக்கு விடையும் அதுவே: 27.

மாநிலங்கள் அரசியலமைப்பை ஏற்க வேண்டும் என்று வாதாடி நியூயார்க் பத்திரிகைகளில் வந்தவை ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள். மொத்தம் 85, ‘பப்ளியஸ்’ என்ற ஒரே புனைபெயரில் ஹாமில்டன், மேடிசன், ஜான் ஜே மூவரும் எழுதினார்கள். எழுதியவர்களில் ஒருவர் பெயரைக் கேட்டால் மூன்று பெயரில் ஒன்றைச் சொன்னால் போதும். ஆபீசர் ஒரு பெயர் கேட்டால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தெரிந்ததையெல்லாம் ஒப்பிக்கப் போய் கூடவே ஒரு தப்பான பெயரையும் சேர்ப்பவர்கள் உண்டு.

பர்ஸில் இருக்கும் டாலரை நம்பியும் படிக்க முடியாது. 100 டாலரில் இருக்கும் ஃபிராங்க்ளினும் 10 டாலரில் இருக்கும் ஹாமில்டனும் ஜனாதிபதியாக இருந்ததே இல்லை. ஹாமில்டன் முதல் நிதியமைச்சர். ஃபிராங்க்ளின் முதல் தபால்துறைத் தலைவர். அபூர்வமாகக் கைக்கு வரும் 2 டாலர் நோட்டின் முன்பக்கம் ஜெஃபர்சன். பின்பக்கப் படத்தைப் பிரகடனத்தில் கையெழுத்திடும் காட்சி என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பிரகடனத்தைத் தயாரித்த ஐவர் குழு அதன் வரைவை அவையில் சமர்ப்பிக்கும் காட்சி, ஜான் டிரம்புல் வரைந்த ஓவியத்திலிருந்து எடுத்தது. பிரகடனம் ஏற்கப்பட்டது ஜூலை 4; பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2. தேர்வில் தேதி கேட்டால் ஜூலை 4 என்றே சொல்லுங்கள்.

பட்டியல் சொல்லாத ஒன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். குடியுரிமைக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு காங்கிரசுக்குக் கொடுத்தது. அந்தக் காங்கிரஸ் 1790-ல் போட்ட முதல் குடியுரிமைச் சட்டம், ‘சுதந்திரமான வெள்ளையர்’ மட்டுமே குடிமக்களாக மாறலாம் என்றது. 1923-ல் பகத் சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில் இந்தியர்கள் அதற்குள் வரமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1946-ல் லூஸ்-செல்லர் சட்டம் வந்த பிறகுதான் இந்தியர்களுக்கு அந்தக் கதவு திறந்தது. ஸ்தாபகத் தலைவர்களைப் போற்றும் பாடங்களில் இது வருவதில்லை, வர வேண்டும்.

இதோடு நடக்கும் ஆங்கிலத் தேர்வின் எழுத்துப் பகுதியில் ஆபீசர் சொல்லும் மூன்று வாக்கியங்களில் ஒன்றைச் சரியாக எழுதினால் போதும். சொற்பட்டியலைத் தேர்வை நடத்தும் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் தளத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். வாஷிங்டன், ஆடம்ஸ், லிங்கன் எல்லாம் அதில் உண்டு. சின்ன எழுத்துப் பிழை, விட்டுப்போன முற்றுப்புள்ளி போன்றவற்றுக்காகத் தோற்கடிக்க மாட்டார்கள். வார்த்தையைச் சுருக்கி எழுதினால்தான் வம்பு.

பெற்றோருக்காகப் படிப்பவர்கள் வயதுக் கணக்கை முதலில் போடுங்கள். 55 வயதும் கிரீன் கார்டில் 15 ஆண்டும், அல்லது 50 வயதும் 20 ஆண்டும் ஆனவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு இல்லை. கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளரை நாம்தான் கூட்டிப்போக வேண்டும். 65 வயதும் 20 ஆண்டும் ஆகியிருந்தால் நட்சத்திரக் குறியிட்ட 20 கேள்விகளை மட்டும் படித்தால் போதும். 10 கேட்பார்கள், 6 சரியாக இருக்க வேண்டும். ஆனால் 60 வயதில் கிரீன் கார்டோடு வந்த அம்மாவுக்கு 15 ஆண்டுச் சலுகை கிடைக்கும்போது வயது 75. அதுவரை காத்திருக்க மனமில்லை என்றால் ஆங்கிலத்தில் எழுதிப் பழக்குவதைத் தவிர வழியில்லை. முதல் தடவை தவறினால் 60 முதல் 90 நாட்களுக்குள் இன்னொரு வாய்ப்பு உண்டு. தவறிய பகுதியை மட்டும் திரும்பக் கேட்பார்கள்.