கறி எடைக்கு ஆடு கொடுத்துப் பார்த்தேன்

40 செம்மறிக் கிடாக்களை ஏற்றிக்கொண்டு போன லாரி, அறுப்புக்கூடத்தின் வாசலைக்கூடத் தாண்டாமல் திரும்பி வந்தது. காரணம் ஒரே ஒரு வரி. அதுவும் என் கையெழுத்தில் நானே எழுதிய வரி.

இத்தனை வருடமும் சந்தையில்தான் விற்றேன். தரகர் வருவார், முதுகெலும்பைக் கட்டைவிரலால் அழுத்துவார், வாலடியைப் பிடித்துப் பார்ப்பார், ஒரு தொகை சொல்வார். எல்லாம் கண் மதிப்பு, கை மதிப்பு. பிடிக்கவில்லை என்று ஓட்டிக்கொண்டு திரும்பினால் வண்டி வாடகையும் போகும், ஆடும் இளைக்கும். இது அவருக்கும் தெரியும். அதனால் வெயில் ஏற ஏற விலை இறங்கும். இந்த எரிச்சலில் இருந்தபோதுதான், பதப்படுத்தும் ஆலைக்கே நேரடியாகக் கொடுக்கலாம், உரித்துக் கொக்கியில் தொங்கவிட்ட எடைக்குக் காசு என்று கேள்விப்பட்டேன். பதிவு செய்வது, ஒப்பந்தம், தேதி வாங்குவது எல்லாம் ஃபோனிலும் தபாலிலும் முடிந்தன. அதில் ஒரு சிக்கலும் இல்லை.

சிக்கல் வாசலில் இருந்தது.

"என்னென்ன பேப்பர் கொண்டு வரணும்?" என்று முன்னாலேயே ஃபோனில் கேட்டிருந்தேன். "வழக்கமான பேப்பர்தான் சார்" என்றார் எழுத்தர். முதல் தடவை போகிறவனுக்கு எது வழக்கம்? நான் ஊகித்து, கால்நடை மருத்துவரின் நலச்சான்று, காது வில்லை எண்களின் பட்டியல், மருந்துப் பதிவேடு மூன்றையும் எடுத்துப்போனேன். ஊகம் சரிதான். எழுத்தர் முதல் இரண்டையும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பதிவேட்டை வாங்கி, கடைசிப் பக்கத்திலிருந்து மேலே விரலை ஓட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"நொண்டிய 3 ஆட்டுக்கு ஊசி" என்று எழுதியிருந்தேன். தேதி இருந்தது. 19 நாள் ஆகியிருந்தது.

அந்த ஊசி நாள்பட வேலை செய்கிற வகை. அதன் புட்டியில் இறைச்சிக்கு 28 நாள் என்று அச்சிட்டிருந்தது. மருந்து போட்ட பிறகு, அதன் எச்சம் கறியில் அனுமதிக்கப்பட்ட அளவுக்குக் கீழே இறங்கும் வரை விற்கக் கூடாத நாட்கள் அவை. பாலுக்கு ஒரு கணக்கு, இறைச்சிக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். நான் அவசரத்தில் மேல் வரியை மட்டும் படித்திருக்கிறேன். அது பாலுக்கு.

"சரி, அந்த 3 ஆட்டை இறக்கிடறேன், மத்ததை எடுத்துக்குங்க" என்றேன்.

"எந்த மூணு?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வில்லை எண் எழுதவில்லை. நொண்டியவை மூன்றும் குணமாகி மற்றவற்றைப் போலவே நடக்கின்றன. ஒன்றை முகத்தை வைத்து எனக்கு அடையாளம் தெரியும். முகத்தை எந்தப் பதிவேடும் ஒப்புக்கொள்ளாது. எவை என்று தெரியாத மூன்றுக்காக நாற்பதும் சந்தேகக் கணக்கில் போயின. எழுத்தர் பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினார். அவர் மேல் அன்று வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. "மருந்து நாள் முடிஞ்சிருக்கான்னு பாத்துட்டு ஏத்துங்க" என்று ஃபோனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு லாரி வாடகை மிஞ்சியிருக்கும். ஆனால் அவர் தடுத்தது சரியா என்று கேட்டால், சரிதான்.

இப்போது நான் ஊசி போட்ட தேதியை எழுதுவதோடு விடுவதில்லை. பக்கத்திலேயே விற்கலாம் என்கிற தேதியையும் கணக்குப் போட்டுச் சிவப்பு மையில் எழுதிவிடுகிறேன். வில்லை எண் இல்லாமல் ஒரு வரியும் கிடையாது. குடற்புழு மருந்துக்கும் இந்த நாள் கணக்கு உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புட்டியில் சொன்ன அளவைவிடக் கூட்டிக் கொடுத்தால் அச்சிட்ட நாட்கள் செல்லாது. எத்தனை நாள் தள்ளிப்போடுவது என்று மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த தேதி 12 நாள் கழித்துக் கிடைத்தது. அதற்குள் பழைய நலச்சான்று காலாவதி. மறுபடி மருத்துவர், மறுபடி கட்டணம்.

இரண்டாம் முறை ஏற்றுவதற்கு முன் 12 மணி நேரம் தீனி நிறுத்தினேன், தண்ணீர் மட்டும் வைத்தேன். வயிறு நிறைய மேய்ந்த ஆட்டை ஏற்றினால் லாரியிலேயே கழிந்து ஒன்றின் மேல் ஒன்று பூசிக்கொள்ளும். கூடத்தில் வயிற்றைத் திறக்கும்போது நிறைந்த இரைப்பை கிழிந்தால் அந்தக் கறியே கெட்டது. ரோமம் ஈரமாகவோ சாணி அப்பியோ இருந்தால் வாசலிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். முந்தின நாள் இரவே கூரைக்கடியில் வைக்கோல் பரப்பி அடைத்தேன். அந்த மட்டும் நன்றாகப் போனது.

ஏற்றும்போதுதான் உதவிக்கு வந்த பையன் முரண்டு பிடித்த கிடாக்களை முதுகு ரோமத்தைப் பற்றி இழுத்தான். நானும் சும்மா இருந்தேன். எல்லோரும் அப்படித்தானே ஏற்றுகிறோம்!

ஆலையில் இறக்கும்போது முதல் ஆடு சாய்தளத்தின் பாதியில் நின்றுவிட்டது. பின்னால் அத்தனையும் நின்றன. நான் தட்டப் போனேன். அங்கே வேலை பார்க்கிற பெரியவர், "அடிக்காதீங்கண்ணே, அது எதையோ பாக்குது" என்றவர், தானே குனிந்து ஆட்டின் கண் மட்டத்தில் தலையை வைத்துப் பார்த்தார். வழியின் ஓரத்தில் ஒரு சங்கிலி தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சுருட்டிக் கம்பியில் மாட்டினார். ஆடு தானாக நடந்தது. அமெரிக்கக் கால்நடை அறிவியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்: ஆடும் மாடும் முரண்டு பிடிப்பது பெரும்பாலும் நிழல், பளபளக்கும் ஈரம், ஆடும் சங்கிலி போன்ற சின்ன விஷயங்களுக்குத்தான். படித்திருந்தும் கை என்னவோ கம்புக்குத்தான் போனது.

உயிரோடு பார்க்கும் சோதனை பத்து நிமிடத்தில் முடிந்தது. காத்திருந்த இடத்தில் இரண்டு காளைகளோடு வந்தவர் ஒருவர் கிடைத்தார். போன முறை அவருடைய காளையை வேறு ஒருவரின் காளைகளோடு ராத்திரி ஒரே அடைப்பில் விட்டிருக்கிறார்கள். விடிய விடிய முட்டிக்கொண்டதில் தசையில் இருந்த சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்து, அறுத்த பிறகு கறி கறுத்துப் பசைபோல இருந்ததாம். அறுத்த கறியில் அந்தச் சர்க்கரை அமிலமாக மாறி, பிஎச் அளவு (அமிலம் கூடக் கூடக் குறையும் எண்) 5.5 பக்கம் இறங்கினால்தான் நல்ல சிவப்பு. அவருடையது 6-ஐத் தாண்டி நின்றதால் விலையைக் குறைத்துவிட்டார்கள். இந்த முறை தனி அடைப்பு கேட்டு வாங்கிவிட்டு, அதன் வாசலிலேயே துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஆய்வாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். காலுறை, தொப்பி, மேலங்கி எல்லாம் மாட்டிவிட்டு ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். தட்டில் ஓர் ஈரல். நல்ல கருஞ்சிவப்பு, ஆனால் மேலே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், யாரோ நகத்தால் கீறி ஆறிய தழும்பு மாதிரி. பக்கத்தில் குடலை மூடியிருக்கும் கொழுப்புச் சவ்வு. அதில் கோலிக்குண்டு அளவுக்குத் தண்ணீர்ப் பை ஒன்று தொங்கியது. உள்ளே ஒரு வெள்ளைப் புள்ளி.

"பட்டியில நாய் எத்தனை?" என்றார்.

"ரெண்டு."

"செத்த ஆட்டோட குடலை என்ன பண்றீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. அவருக்கும் தேவைப்படவில்லை. இறந்த ஆட்டின் உள்ளுறுப்பைப் பச்சையாகத் தின்கிற நாயின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அதன் முட்டை நாய்க் கழிவோடு மேய்ச்சலில் விழுகிறது. புல்லோடு ஆடு தின்கிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுப்புழு ஈரலைத் துளைத்துக்கொண்டு போய் இப்படித் தண்ணீர்ப் பையாகத் தங்குகிறது. நான் பார்த்த வகை மனிதருக்குத் தொற்றாது. ஆனால் இதே வழியில் சுற்றுகிற இன்னொரு நாடாப்புழு உண்டு; அதன் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் பெரிய நீர்க்கட்டிகள் வரும். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் கடுமையானது. எங்கள் கிழட்டு நாய் என் பேத்தியின் மடியில் தலை வைத்துப் படுக்கிற நாய்.

40-ல் 11 ஈரல் குப்பைக்குப் போனது. நாய்களுக்கு நான் கொடுத்துவந்த மாத்திரை உருண்டைப் புழுவுக்கானது, நாடாப்புழுவைத் தொடாது. இப்போது 6 வாரத்துக்கு ஒரு முறை பிராசிகுவாண்டல் கொடுக்கிறேன். செத்த ஆடு ஆழக் குழிக்குள் போகிறது.

அந்த மேசையை விட்டு நகரும்போது தொங்கிய உடல்களில் இரண்டின் முதுகைக் காட்டினார். தோல் உரித்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. ரோமத்தைப் பிடித்து இழுத்த இடம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அந்தக் கறியைச் செதுக்கி எறிந்துவிட்டுத்தான் எடை போடுவார்கள்.

கடைசியாகக் கணக்கு. எடைச்சீட்டில் 39 உடல், 631 கிலோ என்றிருந்தது. "40 கொண்டு வந்தேன்" என்றேன். கணக்கர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சீட்டுல 39தான் இருக்கு" என்றார். முதல் பயணத்தில் பட்ட அடியால் இந்த முறை எல்லா வில்லை எண்ணும் என் சட்டைப்பையில் வரிசையாக இருந்தன. நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். 317-ல் முடிகிற எண் சீட்டில் இல்லை. உள்ளே போய்த் தேடினார்கள். எனக்கு அடுத்து வந்தவரின் கணக்கில் ஏறியிருந்தது. 16 கிலோ. அந்தக் கணக்கர் எழுந்து நின்று சீட்டைத் திருத்திக் கொடுத்தார். முந்தின பயணத்தின் வாடகை வலி அந்த நிமிடம் பாதி இறங்கியது.

மீதிப் பாதி உடனே ஏறியது. 647 கிலோவுக்குக் காசு வரும் என்று நினைத்தால் 634 கிலோவுக்குத்தான் போட்டிருந்தார்கள். உரித்த சூட்டோடு போடும் எடை ஒன்று, குளிர் அறையில் ஈரம் வற்றிய பிறகு இருக்கும் எடை ஒன்று. ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில், சூட்டு எடையில் 2 சதவீதம் கழித்துக் குளிர்ந்த எடைக்கு விலை என்று இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான். யாராவது விலை சொன்னால், சூட்டு எடைக்கா குளிர்ந்த எடைக்கா, சிறுநீரகக் கொழுப்பை எடுத்துவிட்டா வைத்தா என்று முதலில் கேளுங்கள். கிலோ விலையை அப்புறம் பேசலாம்.

என் மனக்கணக்கு எங்கே இடறியது என்று வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பட்டியில் மேய்ந்து வந்ததும் நிறுத்தபோது மொத்தம் 1,480 கிலோ. உயிர் எடையில் பாதி கறி என்று 740 கிலோ போட்டு வைத்திருந்தேன். ஆலை வாசலில் அதே ஆடுகள் 1,376 கிலோ. 104 கிலோ புல்லும் தண்ணீருமாக வழியில் போய்விட்டது. 647 கிலோ என்பது அந்த வாசல் எடையில் 47 சதவீதம். செம்மறிக்கு அது குறைச்சல் இல்லை. தப்பு ஆட்டில் இல்லை, நிறைந்த வயிற்றோடு நிறுத்துப் பாதி என்று கணக்குப் போட்டதில்தான்.

எடை தவிர கொழுப்புக்கும் தரம் உண்டு. நான் பெருமையாக நினைத்த இரண்டு கொழுத்த கிடாக்களுக்குத்தான் கிலோ விலையைக் குறைத்திருந்தார்கள். முதுகெலும்பின் இருபுறமும் விரல் வைத்து அழுத்தினால் எலும்பு முனை கூர்மையாகத் தட்டுகிறதா, உருண்டு தட்டுகிறதா, தட்டவே இல்லையா என்று பார்த்து ஏற்ற வேண்டும் என்றார்கள். தரகர் கட்டைவிரலால் செய்ததும் இதேதான்.

சந்தையில் கடைசியாகக் கேட்ட தொகையைவிட இது கூடுதல்தான். முதல் லாரி வாடகையைக் கழித்தால் ஏறக்குறைய சமம்.

நாலு மாதம் கழித்து 38 ஆடு கொண்டுபோனேன். ரோமத்தைப் பிடிக்க வேண்டாம், தாடைக்குக் கீழே ஒரு கை, பின்புறம் ஒரு கை என்று பையனுக்கு முதல் நாளே சொல்லிவைத்தேன். வாசலில் அதே எழுத்தர். பதிவேட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்திலிருந்து மேலே விரலை ஓட்டினார். சிவப்பு மை ஒவ்வொன்றிலும் நின்று நின்று போனார். மறுபடி ஒருமுறை ஓட்டினார்.

"வில்லை எண்ணைக் கொஞ்சம் பெருசா எழுதுங்க சார்" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.