பாப்பாரப்பட்டிக்குப் போகிறவர்கள் போர்டை இரண்டு தடவை படியுங்கள்

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். தருமபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி என்று ஒரு ஊர் இருக்கிறது, பாப்பிரெட்டிப்பட்டி என்று இன்னொரு ஊர் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு திசை. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இரைச்சலுக்கு நடுவே "பாப்..பட்டி, பாப்..பட்டி" என்று யாராவது கத்தினால் தயவுசெய்து ஓடிப்போய் ஏறாதீர்கள். நான் ஏறினேன். தம்பியையும் இழுத்துக்கொண்டு ஏறினேன். ஜன்னல் சீட் வேறு கிடைத்துவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் போர்டைப் பார்க்கவே இல்லை.

டிக்கெட் கிழித்துக் கையில் கொடுத்த பிறகுதான் கண்டக்டரிடம் "சுப்பிரமணிய சிவா மண்டபத்துக்கு எங்கண்ணா இறங்கணும்?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அது பாப்பாரப்பட்டிம்மா. இது பாப்பிரெட்டிப்பட்டி போற வண்டி." பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டிக்கெட்டைத் திரும்ப வாங்க மாட்டாராம், கிழித்தால் கிழித்ததுதானாம். அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். திரும்பி வருவதற்கு முக்கால் மணி நேரம் ஒரு வண்டியும் நிற்கவில்லை, தை மாச வெயில்தான் என்றாலும் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றால் மண்டை காயத்தான் செய்கிறது. கொஞ்ச தூரம் நடந்தோம். என் செருப்பு வார் அங்கேதான் அறுந்தது. தம்பி சேஃப்டி பின் குத்திக் கொடுத்துவிட்டு, "அக்கா, இதுக்குத்தான் நான் ஒகேனக்கல் போலாம்னு சொன்னேன்" என்றான்.

இதில் கடுப்பு என்னவென்றால் தப்பான பஸ்ஸுக்குக் காசு கொடுத்தோம், சரியான பஸ்ஸோ டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம், எனக்குக் காசே கிடையாது. (ஓசி என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம், என் வரியும் அதில் இருக்கிறது.) இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 ரூபாய் என்று கணக்குப் போட்டுச் சேலத்தில் இருந்து கிளம்பியவள் நான். பதினொரு மணிக்கே பட்ஜெட் ஆட்டம் கண்டுவிட்டது.

அப்புறம் ஆட்டோ. பாப்பாரப்பட்டியில் இறங்கியதும் ஒருவர் 150 என்றார். பேரம் பேசிப் பார்த்தேன், அறுந்த செருப்பைப் பார்த்துவிட்டார் போல, ஒரு ரூபாய் குறையவில்லை. ஏறி உட்கார்ந்து சரியாக மூச்சு விடுவதற்குள் "இறங்குங்க, வந்தாச்சு" என்றார். நடந்தே வந்திருக்கலாம். நடந்தே வாருங்கள்.

சரி, எதற்காக இந்த ஊர்? பள்ளிப் பாடத்தில் வ.உ.சி.க்குப் பக்கத்தில் ஒரு வரியாக வந்துபோவாரே, அந்தச் சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா கடைசியாக வந்து சேர்ந்த ஊர் இது. பிறந்தது இங்கே இல்லை. 1884இல் வத்தலக்குண்டில் பிறந்து, தூத்துக்குடிக்கு வந்து வ.உ.சி.யோடு மேடை ஏறி, 1908இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்காகப் பேசி, அடுத்த மாதமே கைதானவர். பேசியதற்குப் பத்து வருஷத் தண்டனை, அப்பீலில் ஆறாகக் குறைந்தது. 1912இல் வெளியே வரும்போது உடம்பில் தொழுநோயும் சேர்ந்து வந்தது. அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. என்னைவிட ஒரு வயது சின்னவர்.

எனக்கு அதுவரை தெரிந்தது இவ்வளவுதான். வெளியே வந்த பிறகு அவர் என்ன செய்தார் என்று போன வாரம் படித்ததில்தான் இந்தப் பயணமே முடிவானது. பேசாமல் ஒரு மூலையில் உட்காரவில்லை மனுஷன். அடுத்த வருஷமே 'ஞானபாநு' என்று பத்திரிகை தொடங்கினார், பாரதி அதில் எழுதியிருக்கிறார். வடசொல் கலக்காமல் கட்டுரை எழுதினால் ஐந்து ரூபாய் பரிசு என்று அறிவித்தவரும் இவர்தான் (இந்தப் பதிவுக்கு ஐந்து பைசா தேறாது). 1921இல் மறுபடி கைது, மறுபடி சிறை. காவி கட்டிக்கொண்டு சுதந்திரானந்தர் என்று பெயரை மாற்றிக்கொண்டார். தொழுநோயாளி என்பதால் ரயிலில் ஏறக்கூடாது என்று தடை போட்டார்கள். அவரும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். புண் வைத்த காலோடு.

இந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டையை அடைத்தது. மொரப்பூரில் இருந்து தருமபுரிக்கு 1906லேயே சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது இதெல்லாம் சேலம் ஜில்லா, தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965இல்தான். பக்கத்திலேயே ரயில் புகை விட்டுக்கொண்டு போக, அதில் காசு கொடுத்தாலும் ஏற முடியாத ஒருவர் நடந்து வந்த ஊருக்கு, நான் பஸ் மாறி ஏறிவிட்டேன் என்று காலையில் இருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

பாரத மாதாவுக்கு இங்கே ஒரு கோயில் கட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. சாதி பார்க்காமல் எல்லாரும் வந்து போகிற கோயில். 1923இல் வங்காளத்துச் சுதந்திரப் போராட்டத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார், கல்கத்தாவில் இருந்து இந்தக் குக்கிராமத்துக்கு! கோயிலைப் பார்க்கச் சிவாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1925 ஜூலை 23 அன்று இதே ஊரில் இறந்துபோனார், நாற்பது வயதுதான். பாரத மாதா நினைவாலயத்தை அரசு கட்டித் திறந்தது 2021இல். அடிக்கல்லுக்கும் திறப்பு விழாவுக்கும் நடுவில் 98 வருஷம். எங்கள் தெருச் சாக்கடையே பரவாயில்லை.

மணிமண்டபத்தில் நாங்கள் போன நேரம் எங்களைத் தவிர ஒரு ஆள் இல்லை. செருப்பை வெளியே விடும்போது சேஃப்டி பின் கழன்று விழுந்து, அதைத் தேடியதில் பத்து நிமிஷம் போனது. உள்ளே நல்ல அமைதி. காவலாளி ஐயா, "எந்த ஊரு? பஸ்லயா வந்தீங்க?" என்று கேட்டார். பஸ் கதையைச் சொல்லத் தம்பி வாயைத் திறந்தான், நான் கையைக் கிள்ளிவிட்டேன்.

சாப்பாட்டைப் பற்றித் தனிப் பதிவே போடலாம். பஸ் ஸ்டாப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு கடை, பெயர்ப் பலகை கூட இல்லை. ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. கரண்டியால் களியை எடுத்துத் தட்டில் போட்டு, கையைத் தண்ணீரில் நனைத்து உருட்டி, நடுவில் பெருவிரலால் ஒரு குழி வைத்து அதில் குழம்பை ஊற்றினார் அந்த ஆயா. அவரை சீசன் என்பதால் கொட்டை ஒவ்வொன்றும் பச்சைப் பசேல் என்று, தொட்டால் தோல் கழன்றுவிடுகிற பதத்தில் வெந்திருந்தது. நான் மென்று தின்பதைப் பார்த்துவிட்டு, "களிய மெல்லாத கண்ணு, குழம்புல தொட்டு முழுங்கு" என்று அதட்டினார். முழுங்கினேன். இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கி முழுங்கினேன். ஒரு தட்டு 50 ரூபாய், இரண்டாம் தடவை ஊற்றிய குழம்புக்குக் காசு வாங்கவில்லை. சேலத்தில் இதையே மண் சட்டியில் வைத்து 220 வாங்குகிறார்கள்.

நேரம், வழி, செலவு எல்லாம் வரிசையாகப் போடுகிறேன் என்று போன பதிவில் சொல்லியிருந்தேன். டவுன் பஸ், நடை, களி. வேறு செலவு வைக்காதீர்கள். ஒசூர் பக்கம் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டையும் இதே பயணத்தில் பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன், ஆட்டோவுக்குக் கொடுத்த 150 அதைச் சாப்பிட்டுவிட்டது. அது அடுத்த மாதம், சம்பளம் வந்த பிறகு. அதற்கு முன்னால் செருப்பு வாங்க வேண்டும்.